ஊரு விட்டு ஊரு போனா வேதம் ஏன் வேற மாதிரி தெரியுது? சேலம், கொல்லிமலைக் கதைகளோட ஒரு விளக்கம்

சேலத்துல எந்த சபையா இருந்தாலும் சரி, சிஎஸ்ஐ, ஆர்சி, பெந்தெகொஸ்தே எதுவானாலும், நோட்டீஸ் போர்டுல எப்பவாச்சும் ஒரு "பரிசுத்த நாடு பயணம்" போஸ்டர் ஒட்டியிருக்கும். எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான், பத்து நாள், மூணு வேளையும் நம்ம சாப்பாடு, கூட ஒரு பாஸ்டர். தமிழ்நாடு அரசே 2011ல இருந்து ஜெருசலேம் பயணத்துக்கு மானியம் குடுக்குது, 20,000 ரூபாய்னு ஆரம்பிச்சு அப்பறம் 37,000 ஆச்சு, கன்னியாஸ்திரிகளுக்கு 60,000. போய்ட்டு வர்றவங்க ஒலிவ மரத்துல செஞ்ச சிலுவை, ஜோர்தான் தண்ணி ஒரு பாட்டில் எல்லாம் கொண்டு வருவாங்க, ஞாயித்துக்கிழமை ஆராதனையில சாட்சி சொல்வாங்க, "வேதம் எனக்கு இப்பத்தாங்க கண்ணு முன்னாடி தெரியுது"ன்னு அதுல கண்டிப்பா ஒரு வரி வரும்.

அந்த வரி பொய் இல்ல. ஆனா எந்த அளவுக்கு உண்மைன்னு கொஞ்சம் பொறுமையா பாக்கணும். ஏன்னா இதே சேலம் ஜில்லாவுக்கு 400 வருஷமா வெளியூர்க்காரங்க ஊழியத்துக்கு வந்திருக்காங்க, நம்ம பக்கத்து ஆளுங்களும் வெளிய போயிருக்காங்க, அதுல சிலர் கத்துக்கிட்டு எழுதுனது இன்னைக்கும் இறையியல் காலேஜ்ல பாடமா ஓடுது, இன்னும் நெறைய பேர் வந்தாங்க, இருந்தாங்க, போய்ச் சேந்தாங்க, அவங்க கொண்டு வந்த விசுவாசம் வந்தபடியே இருந்துச்சு. வித்தியாசம் எங்க இருக்குன்னு யோசிச்சா எனக்குத் தோணுறது ஒண்ணுதான். போன எடத்துல அடுத்தவங்களை நம்பிப் பொழைக்க வேண்டிய நெலம யாருக்கு வந்துச்சோ அவங்கதான் ஆழமாப் போனாங்க. சொல்லிக்குடுக்கப் போயி, கத்துக்க வேண்டிய கட்டாயத்துல மாட்டிக்கிட்டவங்க.

மொதல்ல அந்த பத்து நாள் டூரையே எடுத்துக்குவோம், அதைக் கேலி பண்றது ஈஸி, ஆனா அதுல நெஜமாவே ஒரு லாபம் இருக்கு. நல்ல சமாரியன் கதையில ஒருத்தன் எருசலேம்ல இருந்து எரிகோவுக்குப் போறான், வழியில கள்ளருங்க அடிச்சுப் போட்டுட்டுப் போயிடறாங்க. சண்டே ஸ்கூல் படத்துல இது ஒரு சமமான மண்ரோடா இருக்கும், ஓரமா ரெண்டு பேரீச்ச மரம். நெஜத்துல எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 750 மீட்டர், எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழ சுமார் 250 மீட்டர், நடுவுல தூரம் இருபத்தஞ்சு கிலோமீட்டர் சொச்சம்தான். அதாவது கிட்டத்தட்ட நம்ம யேற்காடு ரோடு. மேல 1,500 மீட்டர், கீழ அஸ்தம்பட்டி 300 மீட்டருக்குள்ள, முப்பது கிலோமீட்டர் பக்கம், இருபது கொண்டை ஊசி வளைவு. இங்க காடும் காபித் தோட்டமும் இருக்கு, அங்க மொட்டப் பாறை, ஒளிஞ்சு நிக்க குகை, குடிக்கத் தண்ணி கெடையாது. விளக்கும் பஸ்ஸும் இல்லாத காலத்துல யேற்காட்டுல இருந்து தனியா நடந்து எறங்குற ஒருத்தனை நெனச்சுப் பாருங்க, கதையோட பயம் அப்பத்தான் புரியும். இன்னொண்ணும் புரியும். அந்த ஆசாரியனும் மலை எறங்கித்தான் வர்றான், அப்படின்னா ஆலயத்து வேலை முடிஞ்சு திரும்புறான், பொணத்தைத் தொட்டா தீட்டு, அப்பறம் ஆலயத்துக்குள்ள போக முடியாதுங்கற சாக்கு அவனுக்குப் பாதிகூட செல்லாது. இயேசு வழியையும் தெசையையும் சும்மா சொல்லல.

இவ்வளவும் ஒரு நல்ல மேப்பை வெச்சும் தெரிஞ்சுக்கலாம்தான். ஏசி பஸ்ல போயி, தமிழ் பேசுற கைடு சொல்றதைக் கேட்டு, நம்ம சாப்பாட்டையே சாப்ட்டு, நம்ம பாட்டையே பாடிட்டு வர்ற பயணத்துல யாரும் நம்மளை ஒரு கேள்வி கேக்கறதில்ல. பெத்லகேம்லயும் நாசரேத்துலயும் இன்னைக்கும் அரபி பேசுற கிறிஸ்தவங்க இருக்காங்க, அவங்க குடும்பமெல்லாம் நம்மளுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடி விசுவாசத்துக்கு வந்தது, அவங்க வீட்டுல ஒரு வேளை உக்காந்து சாப்பிடாமலே மொத்த டூரும் முடிஞ்சுடுது. இது எனக்கு எப்பவும் ஒரு கொறையாவே படுது.

வேதத்துலயே பயணம் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க, அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரம். பேதுரு யோப்பாவுல தோல் பதனிடுற சீமோன் வீட்டுல தங்கியிருக்கார், அங்கிருந்து செசரியாவுக்குப் போயி ரோமப் படையில நூறுபேருக்கு அதிபதியா இருந்த கொர்நேலியு வீட்டுக்குள்ள நொழையுறார். யூதர் ஒருத்தர் நொழையக் கூடாத வீடு. பிரசங்கம் பண்ணத்தான் போனார், ஆனா பாடம் படிச்சது அவர்தான், தேவன் பட்சபாதம் உள்ளவரல்லன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுதுன்னு அவரே சொல்றார். அதோட முடியல. 11ஆம் அதிகாரத்துல எருசலேம்காரங்க அவரைப் புடிச்சு, எப்படி நீ அவங்களோட சாப்பிடலாம்னு விசாரிக்கறாங்க, அவர் ஆதியில இருந்து வரிசையா வெளக்கம் குடுக்கறார், 15ஆம் அதிகாரத்துல அது பெரிய ஆலோசனைச் சங்கமாவே ஆயிடுது. போறது, அங்க ஒருத்தர் கையில பாடம் கத்துக்கறது, திரும்பி வந்து சொந்த ஆளுங்க கிட்ட மாட்டிக்கறது. புதிய ஏற்பாட்டோட 27 புத்தகத்துல 13 பவுல் பேர்ல இருக்கு, அதுவும் இப்படி ரோட்டுலயும் ஜெயில்லயும் இருந்துக்கிட்டு, அங்கங்க வந்த சண்டைக்கும் கேள்விக்கும் பதிலா எழுதுன கடிதங்கதான், ஒரு ரூம்ல உக்காந்து பிளான் பண்ணி எழுதுன இறையியல் இல்ல.

இந்த மூணு கட்டமும் அப்படியே நடந்தது சீகன்பால்குக்கு. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில எறங்குன ஜெர்மன் மிஷனெரி, கூட வந்தவர் புளூட்சோ, அனுப்பி வெச்சது டென்மார்க் ராஜா. எறங்குன எடத்துல டேனிஷ் கவர்னரே இவங்களுக்கு எதிரி, வரவேற்பும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. தமிழ் கத்துக்க ஒரு வயசான வாத்தியாரைத் தேடிப் புடிச்சு அவர் பள்ளிக்கூடத்தையே தங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, சின்னப் பசங்க கூட தரையில உக்காந்து மணல்ல வெரலால அ, ஆ எழுதிப் பழகியிருக்கார். படிச்ச ஐரோப்பியர் ஒருத்தர், இருபத்து சொச்சம் வயசு, நாலு வயசுப் பையன் கூட உக்காந்து எழுத்து தப்புன்னு திருத்து வாங்கறதை யோசிச்சுப் பாருங்க. அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சது. கொஞ்ச வருஷத்துலயே நூத்துக்கும் மேல தமிழ் ஏடுகளை சேத்துப் படிச்சு, பட்டியல் போட்டு ஊருக்கு அனுப்பறார். அப்பறம் இங்க இருந்த தமிழ் ஆளுங்களுக்குக் கேள்வி அனுப்பி, அவங்க எழுதுன பதில் 99 கடிதத்தை ஜெர்மன்ல மொழிபெயர்த்து ஜெர்மனியில இருக்கற ஹாலே நகரத்துக்கு அனுப்பறார், அது அங்க அச்சாயிடுச்சு. கல்யாணம், சடங்கு, சாமி, வானம், மருத்துவம் எல்லாத்தையும் பத்தி தமிழ் ஆளுங்களே பேசுன ஒரு புத்தகம், ஐரோப்பாவுல, அதுவும் 1710கள்ல. 1715ல தமிழ் புதிய ஏற்பாடு அச்சுல வந்துச்சு.

அடுத்தது மூணாவது கட்டம். 1713ல தென்னிந்திய தெய்வங்களைப் பத்தி ஒரு முழு நூலே எழுதி முடிச்சு ஹாலேவுக்கு அனுப்பறார். அங்க இருந்து மிஷன் வேலைக்கு ஆதரவா இருந்த பெரியவர் ஃபிராங்கே, உங்களை அனுப்புனது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை இங்க கொண்டு வந்து பரப்ப இல்லங்கற மாதிரி சொல்லி மூட்டை கட்டி வெச்சுட்டார். அந்த நூல் அச்சானது 1867ல, மெட்ராஸ்ல, எழுதி 150 வருஷத்துக்கு மேல ஆகி. சீகன்பால்கு 1719ல 36 வயசுலயே போயிட்டார், அதைப் பாக்கவே இல்ல. ஊர்ல உக்காந்திருந்த ஃபிராங்கே கெட்டவர் கெடையாது, அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் கட்டுனவர், பக்திமான், ஆனா மணல்ல எழுதிப் பழகல. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்ம சேலத்துக்கு இவருக்கு முன்னாடியே ஒருத்தர் வந்துட்டார். ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர்னு இங்க பேர் எடுத்தவர், இத்தாலி பிரபு குடும்பம், 1606ல மதுரைக்கு வந்தார். காவி கட்டி, சைவமா சாப்ட்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் படிச்சு, அதுவும் சிவதர்மன்னு ஒரு பிராமண ஆசிரியர் கிட்ட உக்காந்து. புதுசா சேந்தவங்க குடுமியும் பூணூலும் வெச்சுக்கலாம்னு இவர் சொன்னதுல கூட இருந்த பாதிரிமாரே ரோம் வரைக்கும் புகார் பண்ணி, பல வருஷம் இவர் வேலையே முடங்கிப் போச்சு. அந்த முடங்குன காலத்துலதான் இவர் அதிகமா எழுதுனார்ங்கறது எனக்குப் புடிச்ச விஷயம். 1623 ஜனவரியில போப் பதினஞ்சாம் கிரகோரி இவர் பக்கம் தீர்ப்பு குடுத்தார், அதே வருஷம் இவர் மதுரையை விட்டுக் கெளம்பி திருச்சி வழியா சேந்தமங்கலம், அங்கிருந்து சேலம்னு வந்து சேந்தார். சேலத்துல கிறிஸ்தவம்னு எழுத ஆரம்பிச்சா மொத வரி அந்த நடைப்பயணம்தான். ஆனா ஒண்ணு, அவர் எந்த மேல்சாதி வீட்டு வாசல்ல கத்துக்க உக்காந்தாரோ அந்த வீட்டுப் பார்வையும் அவரோட சேந்து வந்துடுச்சு, அவங்களுக்கு ஒரு குரு, மத்த சாதிக்காரங்களுக்கு பண்டாரசாமிகள்னு வேற பாதிரிமார்னு பிரிஞ்சு போச்சு, அந்தப் பிரிவினை சபைக்குள்ள எவ்வளவு நாள் இருந்துச்சுன்னு தமிழ்க் கிறிஸ்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, இன்னும் சில ஊர்ல கல்லறைத் தோட்டத்துலயே பாக்கலாம். யார் கிட்ட கத்துக்கறோம்கறதும் விசுவாசத்தோட வடிவத்தைத் தீர்மானிக்குது, அதை மறைச்சுட்டு நொபிலியைப் புகழ முடியாது.

இங்கிலீஷ்காரங்க காலத்துக்கு வந்தா சேலத்துல 1827ல லண்டன் மிஷன் ஆரம்பிக்குது, ஹென்றி கிறிஸ்ப் வந்தார், நாலு வருஷத்துல, 1831ல, எறந்துட்டார். 1840ல இருந்து லெக்லர், ஜெர்மன்காரர், தொழிற்பள்ளி எல்லாம் நடத்தி 1861ல இங்கேயே செத்தார். இது ஒரு பக்கம் நடக்கும்போதே இன்னொரு பக்கம் யேற்காடு வளருது. கலெக்டரா இருந்த காக்பர்ன் 1820கள்ல சேர்வராயன் மலைக்குக் காபிச் செடி கொண்டு வந்தார், அப்பறம் தோட்டக்காரங்க, பங்களா, சர்ச்சு, 1917ல மான்ட்ஃபோர்ட் ஸ்கூல்னு மலை ஒரு குட்டி ஐரோப்பாவா ஆயிடுச்சு. கோடையில கீழ வெயில் தாங்காம மலைக்கு ஏறுறது அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க எல்லாருக்கும் பழக்கம், மிஷனெரிமாரும் அதுல அடக்கம், மலேரியாவும் காலராவும் குழந்தைங்களை அள்ளிட்டுப் போன காலம், அதைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா பங்களா, பட்லர், டென்னிஸ், பக்கத்துல கலெக்டர் குடும்பம்னு வாழ்க்கை அமைஞ்சுட்டா முப்பது வருஷம் இருந்தாலும் அது நீளமான ஒரு டூர்தான். அதே மலையில மலையாளின்னு பேர் உள்ள பழங்குடி ஜனங்க (கேரளாக்காரங்க இல்ல) தலைமுறை தலைமுறையா இருந்தாங்க, சேர்வராயன் கோயிலுக்கு வைகாசியில திருவிழா எடுத்தாங்க, காபித் தோட்டம் வந்து அவங்க நெலம் சுருங்குச்சு, இதுல இருந்து எந்த இறையியல் கேள்வியும் அந்த பங்களா வரைக்கும் ஏறிப் போனதா தெரியல.

கொல்லிமலைக் கதை அப்படியே நேரெதிர். இப்ப அது நாமக்கல் மாவட்டம், 1997 வரைக்கும் சேலம் ஜில்லாவோட சேந்ததுதான். ஜெஸ்ஸி பிராண்ட் 1907ல இந்தியாவுக்கு வந்த பாப்டிஸ்ட் மிஷனெரி, எவ்லின் லண்டன்ல வசதியான வீட்டுப் பொண்ணு, ஓவியம் படிச்சவங்க. 1913ல கல்யாணம் பண்ணிட்டு மலை ஏறுனாங்க. ரோடு கெடையாது, இப்ப இருக்கற எழுபது வளைவு எல்லாம் அப்ப ஏது, நடந்தோ டோலியிலயோதான். ஜெஸ்ஸிக்குக் கொஞ்சம் வைத்தியம் தெரியும், கொஞ்சம் தச்சு வேலை தெரியும், ஜனங்க மருந்து வாங்கிக்கிட்டாங்க, பிரசங்கத்தையும் மரியாதையா கேட்டுக்கிட்டாங்க, வருஷக்கணக்கா ஒருத்தர்கூட சேரல. மலைப் பூசாரி இவங்களுக்கு எதிரா நின்னார், அவர் பக்கத்துல நின்னு பாத்தா அது நியாயமும்கூட. 1918-19ல உலகம் பூரா விஷக்காய்ச்சல் வந்தப்ப மலையிலயும் வந்துச்சு, சொந்தக்காரங்களே பயந்து தள்ளி நின்ன நேரத்துல ஜெஸ்ஸியும் எவ்லினும் வீடு வீடா கஞ்சி கொண்டு போயி குடுத்தாங்க. அந்தப் பூசாரி சாகப் போற நேரத்துல தன் பச்சக் குழந்தையை இவங்க கையில குடுத்துட்டார், ரூத்துன்னு பேர் வெச்சு வளத்தாங்க. அதுக்கப்பறம்தான் ஜனங்க வர ஆரம்பிச்சாங்க. இதை வெற்றிக் கதையா நம்ம கன்வென்ஷன்ல சொல்வாங்க, எனக்கு என்னமோ அந்தப் பூசாரிதான் பெரிசாத் தெரியுறார். எதிரின்னு நெனச்ச ஆளு வீட்டுல கடைசி நேரத்துல நம்பிக்கை வெக்க ஒரு மனசு வேணும்ல.

ஜெஸ்ஸி 1929ல மலேரியா முத்தி கருநீர்க் காய்ச்சல்ல செத்தார், 44 வயசு. எவ்லின் அப்பறம் திரும்பி வந்தாங்க, வயசாச்சு ரிட்டயர் ஆகணும்னு மிஷன் சொன்னதும் சரின்னு ரிட்டயர் ஆகிட்டு, சொந்தப் பொறுப்புல மறுபடி மலைக்கே போயிட்டாங்க, குதிரை மேல கல்வராயன், பச்சைமலைன்னு மலை மலையா சுத்தி, 1974ல 95 வயசுல செத்தாங்க. கொல்லிமலை வாழவந்தியில ரெண்டு பேர் கல்லறையும் பக்கத்துல பக்கத்துல இருக்கு.

அவங்க மகன் பால் பிராண்ட் 1914ல பொறந்து இந்த மலையில வளந்தவர். ஒம்பது வயசு வரைக்கும் மலைப் பையன், தமிழ் பேசிட்டு செருப்பில்லாம ஓடுனவர், அப்பறம் படிப்புக்கு லண்டன் அனுப்பிட்டாங்க, அப்பாவை மறுபடி பாக்கவே முடியல. இவருக்கு எது ஊரு, எது வெளிநாடு? கட்டட வேலை கத்துக்கிட்டார், அப்பறம் டாக்டருக்குப் படிச்சார், 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்தார். செங்கல்பட்டு பக்கம் தொழுநோய் மருத்துவமனையில கொக்கி மாதிரி மடங்கிப் போன கைகளைப் பாத்துட்டு, இதுக்கு ஏன் யாரும் ஆபரேஷன் பண்ணலன்னு கேட்டார். அந்தக் காலத்துல நோயே வெரலைத் தின்னுடும்னுதான் டாக்டருங்களே நெனச்சாங்க. இவர் குழு நோயாளிங்க கூடவே இருந்து தெனமும் கவனிச்சதுல வேற ஒண்ணு தெரிஞ்சுது. துருப்புடிச்ச பூட்டு ஒண்ணு, தெடமான ஆளாலயே தொறக்க முடியல, நோயாளிப் பையன் ஒருத்தன் வந்து சாவியை ஒரே திருப்புல திருப்பிட்டான், பாத்தா அவன் வெரல் எலும்பு தெரியுற வரைக்கும் கிழிஞ்சிருக்கு, அவனுக்குத் தெரியவே இல்ல. ராத்திரி தூங்கும்போது எலி வந்து வெரலைக் கடிச்சாலும் தெரியாது, அதுக்காக வார்டுல பூனை வளத்தாங்க. நோய் வெரலைத் தின்னல, நரம்பு செத்து வலி போனதுதான் வெரலைத் தின்னுச்சு. தசைநாரை எடம் மாத்தி வெச்சுக் கையைத் தொறக்க வெச்ச ஆபரேஷன் இங்க வளந்து உலகம் பூரா போச்சு.

இது மருத்துவம். ஆனா அவர் வேதம் படிக்கற விதமும் இதுலதான் மாறுச்சு. வலிங்கறது தண்டனையான்னு கேக்கறது பழைய கேள்வி, யோபு காலத்துக் கேள்வி. வலியே இல்லாத மனுஷங்க என்ன ஆகறாங்கன்னு வருஷக்கணக்கா கண்ணால பாத்தவருக்கு அந்தக் கேள்வி வேற பக்கமா திரும்பிடுச்சு, வலி ஒரு வரம்னு எழுதுனார். 1 கொரிந்தியர் 12ல ஒரு அவயவம் பாடுபட்டா எல்லா அவயவமும் கூடப் பாடுபடும்னு பவுல் சொல்றதை சபைக்கு ஒரு புத்திமதியா மட்டும் படிக்காம, கூடப் பாடுபடாத ஒடம்பு எப்படி அழுகும்னு டாக்டர் கண்ணால படிச்சார். லண்டன்ல இருந்தே இதை எழுதியிருக்க முடியாது. 1980கள்ல ஃபிலிப் யான்சி கூட சேந்து அவர் எழுதுன புத்தகங்களை அமெரிக்காவுல லட்சக்கணக்கான பேர் படிச்சாங்க, அதுக்கு அடியில இருக்கறது வேலூர் வார்டும் கொல்லிமலைப் பாதையும்.

நம்ம ஆளுங்க பக்கம் வருவோம். சேலத்துல இருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில்ல போனா நடுவுல திருப்பத்தூர் வரும், அங்க கிறிஸ்துகுல ஆசிரமம்னு 1921ல ஆரம்பிச்சது. சவரிராயன் ஜேசுதாசன் தமிழர், டாக்டர், மேல்படிப்புக்கு பிரிட்டன் போனவர், அங்க எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன்னு ஸ்காட்லாந்துக்காரர், அவரும் டாக்டர், ரெண்டு பேரும் நண்பர்களானாங்க. திரும்பி வந்து ஒரே வீட்டுல, கதர் கட்டி, கல்யாணம் பண்ணாம, ஏழை ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி நடத்துனாங்க. ஜேசுதாசனை ஊர் பெரியண்ணன்னு கூப்டுச்சு, வெள்ளைக்காரர் சின்னண்ணன். அந்தக் காலத்துல இது சின்ன விஷயம் இல்ல. கதர் போட்ட பாவத்துக்கு 1932ல மெட்ராஸ் ரோட்டுல சின்னண்ணனை காங்கிரஸ்காரர்னு நெனச்சு போலீஸ் அடிச்சு, கலர் தண்ணி அடிச்சு, விஷயம் லண்டன் பார்லிமென்ட் வரைக்கும் போச்சு. அங்க கட்டுன ஜெபாலயம் நம்ம கோயில் கட்டட முறையில, கோபுரம் மண்டபம்னு நிக்குது. வெளிநாடு போன தமிழர் திரும்பி வந்து கோட்டு சூட்டு போடாம கதர் போட்டார்ங்கறதுதான் இதுல கவனிக்க வேண்டியது, தூரத்துல இருந்து பாத்தப்பத்தான் எது சுவிசேஷம், எது ஐரோப்பாக்காரங்க பழக்கம்னு அவருக்குப் பிரிச்சுப் பாக்க முடிஞ்சுது.

ஆங்கிலிக்கன் சபையில மொத இந்திய பிஷப்பான அசரியா கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுல யாழ்ப்பாணம் வர்றது பலருக்குத் தெரியாது. வெள்ளாளன்விளையில பொறந்த தமிழர், 1902ல யாழ்ப்பாணம் போனார், அங்க இருந்த தமிழ்க் கிறிஸ்தவங்க தங்க சொந்தக் காசுல மிஷனெரி அனுப்பறதைப் பாத்துட்டு வெக்கப்பட்டுத் திரும்பி வந்தார், அடுத்த வருஷமே 1903ல திருநெல்வேலியில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பமாச்சு. 1909ல அவரே தெலுங்கு கத்துக்கிட்டு குடும்பத்தோட தெலுங்கு ஜனங்க இருக்கற தோர்ணக்கல்லுக்குப் போனார். 1910ல எடின்பரோவுல நடந்த உலக மிஷனெரி மாநாட்டுல, நீங்க தியாகமெல்லாம் பண்றீங்க, சந்தோஷம், எங்களுக்கு நண்பர்களைக் குடுங்கன்னு வெள்ளைக்கார மிஷனெரிங்க முகத்துக்கு நேரா கேட்டார், அங்க பல பேருக்கு அது புடிக்கல. அந்தப் பேச்சுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான் அவரே இன்னொரு மொழிக்காரங்க நடுவுல விருந்தாளியா போயிருந்தார்ங்கறதை சேத்துப் படிச்சா அந்தக் கேள்வி எங்கிருந்து வந்துச்சுன்னு புரியும். இன்னைக்கு ஃபிரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்டுங்கற ஜெபக்குழு இயக்கம் மூலமா நம்ம பக்கத்துப் பசங்க குஜராத் டாங்ஸ், ஜார்க்கண்ட் மால்தோ ஜனங்க நடுவுலன்னு போறதெல்லாம் இந்த வழியில வந்ததுதான். பாஸ்போர்ட் வேண்டாம், ஆனா மொழி வேற, சோறு வேற, அதுவே போதும்.

திரும்பி வர்றதுதான் பாதிப் படிப்புங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் இங்கிலாந்து மிஷனெரி லெஸ்லி நியூபிகின். 1936ல வந்தார், காஞ்சிபுரத்துல இருந்தப்ப வாரா வாரம் ராமகிருஷ்ண மடத்துல சன்னியாசிங்க கூட தரையில உக்காந்து ஒரு வாரம் உபநிஷத்து, ஒரு வாரம் யோவான் சுவிசேஷம்னு படிச்சார். மடத்துச் சுவத்துல மகான்கள் படங்களோட இயேசு படமும் இருக்கும், கிறிஸ்துமஸ் அன்னைக்கு அதுக்கு பூசை நடக்கும். தங்க உலகப் பார்வைக்குள்ள இயேசுவுக்கும் ஒரு எடம் குடுத்து வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்னு இவருக்குப் பட்டுச்சு. 1947ல தென்னிந்தியத் திருச்சபை உருவானப்ப மதுரைக்கு பிஷப், அப்பறம் சென்னைக்கு. 1974ல ரிட்டயராகி பொண்டாட்டி ஹெலன் கூட கிடைச்ச பஸ்ஸைப் புடிச்சு தரை வழியா இங்கிலாந்து போய்ச் சேந்தார். போனப்பறம்தான் இடி விழுந்துச்சு. சன்னியாசிங்க சுவத்துல படம் மாட்டுன மாதிரியேதான் நம்ம இங்கிலீஷ் சபையும் நவீன உலகப் பார்வைங்கற சுவத்துல இயேசுவை ஒரு படமா மாட்டி வெச்சிருக்குன்னு தெரிஞ்சுது. மெட்ராஸ்ல இருந்து பர்மிங்காம் வந்ததுல எது கஷ்டமா இருக்குன்னு கேட்டவங்களுக்கு, இங்க நம்பிக்கை இல்ல, மெட்ராஸ் சேரியில கூட நாளைக்கு நல்லாருக்கும்னு ஒரு எதிர்பார்ப்பு இருக்கும்னு பதில் சொன்னார். 70 வயசுக்கு மேல அவர் எழுதுன புத்தகங்கதான் இன்னைக்கு மேல்நாட்டு இறையியல் காலேஜ்ல மிஷன் பாடத்துக்கு அடிப்படை. முப்பது வருஷத்துக்கு மேல இங்க இருந்ததால அவருக்குத் தமிழ்நாடு புரிஞ்சுதுன்னு சொன்னா பாதிதான், இங்கிலாந்து புரிஞ்சுதுங்கறதுதான் மீதி.

இப்ப சேலத்துக் கணக்குக்கு வாங்க. நம்ம சபைங்கள்ல இருந்து வெளிநாடு போறவங்கள்ல மிஷனெரின்னு பேர் வாங்குனவங்க கொஞ்சம், நர்ஸ், டிரைவர், வெல்டர், ஐடி ஆளுங்கதான் அதிகம். குவைத்துல நேஷனல் இவாஞ்சலிக்கல் சர்ச் காம்பவுண்டுன்னு ஒண்ணு இருக்கு, ஒரே வளாகத்துல பல மொழிச் சபைங்க நேரம் பிரிச்சுக்கிட்டு ஆராதனை நடத்தும், தமிழும் உண்டு. அது அமெரிக்க ரிஃபார்ம்டு சபை ஆரம்பிச்ச அரேபியா மிஷன்ல இருந்து வந்தது, அதே சபைதான் மருத்துவ மிஷனெரிகளான ஸ்கட்டர் குடும்பத்தை நம்ம ஆற்காட்டுப் பக்கம் அனுப்புச்சு, வேலூர் சிஎம்சியோட வேரும் அங்கதான். துபாய்லயும் 2022ல லீவு நாள் மாறுற வரைக்கும் வெள்ளிக்கிழமைதான் சர்ச்சு. ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள்னு சின்ன வயசுல இருந்து மனப்பாடம் பண்ணுன ஆளு வெள்ளிக்கிழமை நற்கருணை எடுக்கும்போதே எது கட்டளை, எது காலண்டர்னு மண்டைக்குள்ள ஒரு கேள்வி ஓடத்தான் செய்யும். மதியம் நமக்கு முன்னாடி அதே ஹால்ல எகிப்துக்காரங்க மணிக்கணக்கா பாடிட்டுப் போவாங்க, அவங்க சபை மாற்கு காலத்துல ஆரம்பிச்சதுன்னு சொல்லிக்குவாங்க, பக்கத்து பெட்ல தங்கியிருக்கற பிலிப்பைன்ஸ் பொண்ணு ஜெபமாலை சொல்லும், முதலாளி வீட்டம்மா அஞ்சு வேளை தொழுவாங்க, உங்க கடவுள் எப்படி மூணுன்னு கேப்பாங்க. ஊர்ல கிறிஸ்தவக் காலனியில பொறந்து வளந்த பொண்ணுக்கு அந்தக் கேள்வியை அதுக்கு முன்னாடி யாருமே கேட்டிருக்க மாட்டாங்க, திரித்துவம்னா ஞாயிறுதோறும் ஆசீர்வாதத்துல வர்ற மூணு பேர், அவ்வளவுதான். இப்ப அதுவே ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு போன்ல யோவான் 1ஆம் அதிகாரத்தை வரி வரியா படிக்க வெக்குது.

லீவுக்கு ஊருக்கு வந்தா சபையில என்ன நடக்குதுன்னா, ரெண்டு நிமிஷம் சாட்சி, கர்த்தர் விசா குடுத்தார், வீடு கட்ட வெச்சார், ஸ்தோத்திரம். மிஷனெரி ஞாயிறுக்கு வர்றவங்க கிட்டயும் அதே மாதிரிதான், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க, எவ்வளவு காசு வேணும். அங்க உங்களை என்ன கேட்டாங்க, நீங்க என்ன பதில் சொல்லத் திணறுனீங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல, கேட்டா அதுக்கு ரெண்டு நிமிஷம் பத்தாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில மாணவங்களைக் கேம்பஸுக்கு வெளிய, ஜனங்க நடுவுல குடியிருக்கச் சொல்லி ஒரு வருஷம் வெக்கற பழக்கம் இருக்கு, திரும்பி வந்து அதை வகுப்புல வெச்சு அலசணும். ஆயர் படிப்புக்கு அது சரின்னா, அஞ்சு வருஷம் குவைத்துல இருந்துட்டு வந்த நர்ஸ் அக்காவை வியாழக்கிழமை வேதபாடத்துல ஒரு மணி நேரம் முன்னாடி உக்கார வெச்சு நாம கேள்வி கேக்கறதுல என்ன கஷ்டம்னு எனக்குத் தெரியல, அதுவும் அவங்க ஒரு மாசம்தான் ஊர்ல இருப்பாங்க, அதுலயும் பாதி நாள் பத்திர ஆபீசுக்கும் பேங்குக்குமே போயிடும்.